ரொமான்ஸ் நாவல்ல முக்கால்வாசியில வர்ற அந்தப் பிரிவு, யாருக்கெல்லாம் கடுப்பாகுது? (ஸ்பாய்லர் உண்டு, பாத்து வாங்க)

நடுநிசி_வாசகி

ஹாய் மக்களே. கொஞ்ச நாளா தமிழ் யூடி (ஆன்லைன்ல தினம் அப்டேட் வர்ற தொடர்கதை) எல்லாத்தையும் ஓரம் வச்சிட்டு இங்கிலீஷ் கன்டெம்ப்ரரி ரொமான்ஸா படிச்சுத் தள்ளிட்டு இருக்கேன். எமிலி ஹென்றி, ஏபி ஹிமெனஸ், அலி ஹேசல்வுட், கார்ட்டூன் அட்டை போட்ட அந்த செட்டு மொத்தமும். பேச்சு சூப்பரா இருக்கு, அதுல குறையே சொல்ல முடியாது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாரிக்கிற இடமெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு தனியா சிரிச்சிட்டு இருந்தேன்.

ஆனா கிண்டில்ல கீழ 75 பர்சென்ட்னு காட்டுச்சுன்னாலே எனக்கு பக்குனு ஆகிடுது. ஏன்னா பிரியப் போறாங்க. அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் அப்படிப் புரிஞ்சுகிட்டவங்க திடீர்னு "நான் உனக்கு ஏத்தவ இல்ல"ன்னு ஒரு டயலாக் சொல்லிட்டு பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் முப்பது பக்கம் அழுகை, ஃப்ரெண்டு வந்து ரெண்டு அட்வைஸ், தெரபிஸ்ட்டு, அப்புறம் ஓடி வந்து ஒரு பெரிய ஸ்பீச்.

எனக்கு ரொம்ப எரிச்சலானது எமிலி ஹென்றியோட ஹேப்பி ப்ளேஸ் (2023). ஹாரியட்டும் வின்னும் பிரிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லல, வருஷா வருஷம் எல்லாரும் கூடுற மெய்ன் கடற்கரை வீட்டுல ஒரே ரூம்ல ஒரே கட்டில்ல இன்னும் ஜோடியா இருக்கிற மாதிரி நடிக்கணும். ஐடியா செம. ஆனா ஏன் பிரிஞ்சாங்கன்னு தோண்டித் தோண்டிப் போனா, அவனுக்கு அப்பா செத்த துக்கம், அம்மாவுக்கு பார்கின்சன், தான் இவளுக்குப் பாரம்னு நினைப்பு, இவளுக்கு யார்கிட்டயும் எதையும் வாய் திறந்து கேக்கத் தெரியாது. சரிம்மா, ஏத்துக்கிறேன். கடைசியில என்ன பண்றா? சர்ஜரி ரெசிடென்சிய (நம்ம ஊர் பிஜி மாதிரி) விட்டுட்டு அவன் ஊரான மொன்டானாவுக்குப் போயி மண்பாண்டம் செய்யக் கத்துக்கிறா!! நம்ம ஊர்ல நீட்டுக்கு ரெண்டு தடவை ரிப்பீட் போட்ட பொண்ணுங்க யாராவது இதைப் படிச்சா புஸ்தகத்தை செவுத்துல அடிப்பாங்க.

இதே எமிலி ஹென்றி அதுக்கு முந்தின வருஷம்தான் புக் லவ்வர்ஸ் எழுதினாங்க. அதுல நோரா லிட்டரரி ஏஜென்ட், நியூயார்க்கை விட்டு நகர மாட்டா, சார்லி சின்ன ஊர்ல அப்பா அம்மாவோட புத்தகக் கடையப் பாத்துக்கணும். இது ஒரு நிஜப் பிரச்சனை. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, உக்காந்து பேசினாலும் தீராது, கடைய யாராவது நடத்தித்தானே ஆகணும். அதனால அவங்க பிரியுறப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு, கடுப்பே வரல.

அதான் என்னோட கேள்வி. குறுக்க நிக்கிறது வேலை, காசு, வீடு, குடும்பம்னு கையால தொட்டுப் பாக்குற மாதிரி இருந்தா பிரிவு வேலை செய்யுது, எல்லாமே மனசுக்குள்ளன்னு போனா ஜவ்வு. உங்களுக்கு எப்படி?

கோவை_மல்லி

ஹாரியட்ட இப்படித் திட்டாதீங்க சிஸ், எனக்குக் கோவம் வருது 😤 நான் ஹாஸ்பிடல்ல ஸ்டாஃப் நர்ஸ். பிஜி பண்ற பசங்க 36 மணி நேரம் நின்னுட்டு டியூட்டி ரூம்ல செவுத்துல சாஞ்சு தூங்குறதை தினம் பாக்குறவ. அதுல எத்தனை பேருக்கு இது பிடிச்சிருக்கு, எத்தனை பேரு வீட்டுக்காக வந்தாங்கன்னு முகத்தைப் பாத்தாலே தெரியும். ஹாரியட் டாக்டர் ஆனதே அப்பா அம்மா தன்னால விட்டுக்குடுத்ததை எல்லாம் ஈடு கட்டத்தான், அவளுக்கு அந்த வேலையில சந்தோஷமே இல்லன்னு கதை முழுக்க இருக்கே. இவனுக்காக விட்டான்னு எப்படிச் சொல்றீங்க? பிடிக்காத வேலைய விட்டா, அவ்ளோதான்.

இன்னொன்னு, அலி ஹேசல்வுட்டோட லவ் ஹைபோதிசிஸ் (2021) படிச்சீங்கல்ல? ஹீரோயின் ஆலிவ் ஹீரோ ஆதம்கிட்ட மறைக்கிறதையும் "பேசினா தீந்திருக்கும்" லிஸ்ட்ல போட்டுடாதீங்க. லேப்ல இடம் தர வேண்டிய ப்ரொபசரே தப்பாப் பேசுறான், அவன் ஆதமோட ஃப்ரெண்டு வேற, சொன்னா யாரு நம்புவாங்கன்னு அவனே மிரட்டுறான். வாயை மூடிக்கிட்டதுக்கு அதைவிடப் பெரிய காரணம் வேணுமா. எந்த ஆபீஸ்லயும் நடக்குறதுதான்.

சுண்டல்_பொட்டலம்

வீட்டுல சிஸ்டர் சொல்லி நானும் ரெண்டு மூணு படிச்சேன் (சத்தியமா சிஸ்டர் சொல்லித்தான்). எனக்கு ஒரே ஒரு டவுட்டு. அமெரிக்காவுல ஹீரோ பூரா ஏன்யா கார்பென்டரா இருக்கான்? வின்னும் மேஜை செய்றான். ஏபி ஹிமெனஸோட பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்ல டேனியலும் மர வேலை. சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு, மேல மரத்தூள் வாசனையோட, டாக்டர் பொண்ணுங்களா வந்து விழுறாங்க. நம்ம தமிழ் நாவல்ல மட்டும் ஹீரோ எல்லாம் ஏதோ ஒரு குரூப் ஆஃப் கம்பெனிஸ் எம்டி, 27 வயசுல. ஜிஎஸ்டி ஃபைல் பண்ற சீன் மட்டும் ஒரு எபிலயும் (எபிசோடுலயும்) வராது.

நடுநிசி_வாசகி

சுண்டல் 😂😂 ஆனா நீங்க விளையாட்டா சொன்னது என்னைத் தூங்க விடல, நேத்து ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன்.

பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட் (2022) தெரியாதவங்களுக்கு: அலெக்ஸிஸ் எமர்ஜென்சி டாக்டர், 37 வயசு, குடும்பமே தலைமுறை தலைமுறையா ஒரே ஆஸ்பத்திரியில பேர் போன டாக்டருங்க. டேனியலுக்கு 28. ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு குட்டி ஊரு, பாட்டி தாத்தா வீட்டை லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு இவன் கேரேஜ் மாடியில தூங்குறான். அம்மாக்காரி அந்த வீட்டையும் விக்கப் பாக்குறா, அதைத் தானே வாங்கிடணும்னு ராப்பகலா மரச்சாமான் செஞ்சு காசு சேக்குறான். பைஜாமா போட்ட ஆட்டுக்குட்டி ஒண்ணு வேற வரும், அதுக்காகவே படிக்கலாம். இதுல குறுக்க நிக்கிறது அவ அப்பா. "நம்ம குடும்பத்துக்கு இவனா?" அவ்ளோதான் மேட்டர். எனக்கு இந்த நாவல்ல பிரிவு வந்தப்ப ஒரு இடத்துலயும் சலிக்கல, ஏன்னா அந்த அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அந்த டைனிங் டேபிள்ல அவர் பேசுறதை அப்படியே தமிழ்ல டப் பண்ணலாம்.

இப்ப இதை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. டாக்டர் பொண்ணு, கார்பென்டர் பையன். ரெண்டாவது நிமிஷமே படிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி வருமா வராதா? பையன் என்ன ஆளுங்கன்னு. நம்ம ஆன்லைன் நாவல்கள்ல எங்கயாவது அந்தக் கேள்வியக் கேட்டிருக்காங்களா? நான் இத்தனை வருஷமா படிக்கிறேன், ஹீரோ ஹீரோயினுக்கு குலதெய்வம் இருக்கும், பங்காளி இருப்பாங்க, மாமன் சீர் இருக்கும், காதுகுத்துல இருந்து எல்லாச் சடங்கும் பக்கம் பக்கமா இருக்கும், ஜாதி மட்டும் இருக்காது. "அந்தஸ்து"ன்னு ஒரு வார்த்தைய வச்சே மொத்தக் கதையும் ஓட்டிடுவாங்க. இல்லன்னா சொத்துத் தகராறு, பழிவாங்க வந்து கட்டாயத் தாலி.

அமெரிக்காக்காரங்களுக்கு வெளியில தடை குறைஞ்சு போச்சு, அதனால மனசுக்குள்ள தேடுறாங்கன்னு ஒரு சமாதானமாவது சொல்லலாம். நம்ம கிட்ட வெளியிலயே மலை மாதிரி நிக்குது, நாம அதைச் சுத்திப் போயி ஹீரோயினைக் கொடுமைப்படுத்துற ஆன்டி ஹீரோவா எழுதிட்டு இருக்கோம்.

எபி_எழுதுறவ

ரைட்டர் சைடுல இருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா? நானும் ஆன்லைன்ல எழுதுறேன், பேரு வேணாம்.

தினம் ஒரு எபி போடுறவளுக்கு இருக்கிற பிரச்சனை வேற. புஸ்தகமா படிச்சா பிரிவு முப்பது பக்கம், அரை மணி நேரத்துல தாண்டிடுவீங்க. தொடரா வந்தா அது எட்டு நாள். எட்டு நாளும் காலையில எழுந்து கமென்ட்டைப் பாத்தா "எப்ப சேத்து வைப்பீங்க", "ரைட்டர் ஜி பாவம் இல்லையா", "இனி சேர்ந்த அப்புறம் வந்து படிச்சுக்கிறேன்". அந்த கடைசி கமென்ட் இருக்கே, அது வந்தா வியூஸ் அப்படியே இறங்கும். அதனால நான் என்ன பண்றேன்? பிரிவை ரெண்டு எபில முடிச்சிடுறேன். ரெண்டு எபில முடியுற பிரிவுக்கு என்ன காரணம் வைக்க முடியும்? யாரோ அனுப்பின போட்டோவைப் பாத்து சந்தேகப்பட்டான், அவ்ளோதான் வைக்க முடியும். பெரிய காரணம் வச்சா பெரிசாத்தான் தீக்கணும்.

ஆன்டி ஹீரோவும் அப்படித்தான். முதல் எபிலயே ஆள் நிக்கணும். கட்டாயத் தாலிய விட வேகமா நிக்க வைக்கிற ஒண்ணை நீங்க சொல்லுங்க, நான் மாத்திக்கிறேன். அப்புறம் அதையே கிண்டில்ல ஏத்தினா அன்லிமிடெட்ல (சந்தா கட்டிப் படிக்கிறது) படிச்ச பக்கத்துக்குத்தான் காசு, அங்க நீளம் வேணும். ஒரு இடத்துல சுருக்குன்னு வேணும், இன்னொரு இடத்துல இழுக்கணும், ஒரே கதைய ரெண்டுக்கும் தைக்கிறேன்.

ஜாதி பத்தி... ஒரு தடவை ஹீரோயின் ஊர்ல தெருப் பேரை மட்டும் போட்டேன். தெருப் பேரு மட்டும்தான். கமென்ட்ல ரெண்டு குரூப்பா பிரிஞ்சு அடிச்சுகிட்டாங்க, கடைசியில அந்த எபியவே எடுத்துட்டேன்.

கோவை_மல்லி

எழுதுறவங்க சொன்னது புரியுது. நான் படிக்கிறவளா சொல்றேன். 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டையில பட்டப்பகல்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஜாதி மாறிக் கல்யாணம் பண்ணதுக்காக சங்கரை வெட்டினதை இந்தப் பக்கத்துல இருக்கிற யாரும் மறக்கல. அந்த சிசிடிவிய எத்தனை சேனல்ல எத்தனை தடவை போட்டான். எங்க வார்டுல லவ் மேரேஜ் பண்ண பொண்ணு ஒருத்தி அந்த வாரம் பூரா லீவு, வெளிய வரவே பயந்தா. டியூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து போனைத் தொறந்தா எனக்கு அதே வேணுமா? எம்டி ஹீரோ பொய்தான்னு எனக்கும் தெரியும் சிஸ். தெரிஞ்சேதான் படிக்கிறேன். அரை மணி நேரம் யாரும் யாரையும் வெட்டாத ஒரு ஊருல இருந்துட்டு வர்றேன், விடுங்களேன்.

ஸ்கார்பரோ_தர்ஷி

வணக்கம், நான் கனடாவில இருந்து. இவ்வளவு நாளும் வாசிச்சுப்போட்டு பேசாமல் போறனான், இண்டைக்கு எழுதாமல் இருக்க ஏலேல்ல.

மல்லி அக்கா சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா சிரிக்க வைச்சுக்கொண்டே வீட்டுப் பிரச்சினையைக் கதைக்கலாம் எண்டதுக்கு எங்கட பக்கத்து ஆக்களே எழுதினது இருக்கு. உஸ்மா ஜலாலுதீன் எண்டவ இங்க டொரண்டோப் பக்கம் இருக்கிறவ, அவவின்ர ஆயிஷா அட் லாஸ்ட் (2018) வாசிச்சுப் பாருங்கோ. முஸ்லிம் குடும்பங்கள். காலித் எண்ட பொடியன் தாடியும் நீள உடுப்பும் தொப்பியுமா வேலைக்குப் போறவன், தாய் பாக்கிற பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு இருக்கிறவன். ஆயிஷா சப்ஸ்டிட்யூட் டீச்சர், கவிதை எழுத ஆசை, மாமா வீட்டில கடன் பட்ட மாதிரி இருக்கிறவள். தாய் ஒரு பக்கம், கந்தோரில அவன்ர உடுப்பைப் பாத்து ஆகாத மேலதிகாரி ஒரு பக்கம். எல்லாம் வெளியில இருக்கிற தடைதான், ஆனா வாசிக்கேக்க பயம் இல்லை, சிரிப்புத்தான். முத்தமும் பெரிசா இல்லை, ஆனா மனம் நிறைஞ்சு போச்சு.

எங்கட ஆக்களிலயும் இங்க வந்தும் சாதி பாக்கிறது போகேல்ல. கலியாணப் பேச்சு எண்டா முதல் கேள்வி "ஊரில எவடம்?" எவடம் எண்டு சொன்னா மிச்சம் அவையளுக்கே விளங்கிடும். இதை வைச்சு ஒரு நல்ல காதல் கதை ஆராவது எழுதினா நான் காசு குடுத்து வாங்குவன்.

பழைய_லைப்ரரி_கார்டு

பிள்ளைங்களா, உங்க எல்லாரையும் விட நான் மூத்தவ, அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. அருணோதயம் பதிப்பகம் போட்ட ஆர்சி (ரமணிசந்திரன்) நாவலை லெண்டிங் லைப்ரரில ரிசர்வ் பண்ணி வச்சு வாங்கிப் படிச்ச தலைமுறை நான். ரமணிசந்திரன் கதையில பணக்காரன், ஏழைப் பொண்ணு, தப்பா நினைச்சுக்கிறது, கடைசியில சேர்றது, எல்லாம் ஒரே அச்சுதான். நீங்க திட்டுற பிரிவு அங்கயும் உண்டு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, அந்தப் பொண்ணுங்களுக்கு ரோஷம் இருக்கும். வேலை தேடுவா, தனியா ஹாஸ்டல்ல இருப்பா, சம்பளக் கணக்கு போடுவா. தப்பு பண்ணவன் வந்து மன்னிப்பு கேக்குற வரைக்கும் இறங்க மாட்டா.

இப்ப வர்ற ஆன்டி ஹீரோ கதைங்கள என் மருமக போன்ல காட்டினா. அறைஞ்சுட்டு, பூட்டி வச்சுட்டு, அப்புறம் அவனுக்கு சின்ன வயசுல அம்மா இல்லன்னு ஒரு ப்ளாஷ்பேக், உடனே இவ அவன் தலைய மடியில வச்சுக்கிறா. என்ன கண்றாவி இது? பிரிய வேண்டிய இடத்துல பிரியாம இருக்கிறதுதான் எனக்குக் கடுப்பு. எபி எழுதுற பொண்ணு கோவிச்சுக்காத, உன்னைச் சொல்லல, நீ கட்டாயத் தாலி எழுதினா உன்னையும்தான் சொல்றேன்.

சுண்டல்_பொட்டலம்

லைப்ரரி அக்கா ஆன் ஃபயர் 🔥

நடுநிசி_வாசகி

"பிரிய வேண்டிய இடத்துல பிரியாம இருக்கிறது" 👏👏 நான் தலைப்பையே அப்படி வச்சிருக்கணும் அக்கா.

மல்லி, உங்களுக்கு மறுப்பு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனாலும் ஒண்ணு சொல்லிப் பாக்குறேன். ரொமான்ஸ்னா அமெரிக்காவுல எழுத்தாளர் சங்கமே வச்சிருக்கிற விதி ரெண்டுதான், காதல்தான் கதையோட நடு, முடிவு மனசுக்கு நிறைவா நம்பிக்கையா இருக்கணும். அந்த முடிவு கேரண்டிங்கிறதாலதானே நாம தைரியமா உள்ள போறோம்? அப்ப பயமான விஷயத்தை எழுத இதை விட பத்திரமான இடம் எது? ஹெலன் ஹோவாங்கோட கிஸ் கோஷன்ட் (2018) ஹீரோயின் ஸ்டெல்லாவுக்கு ஆட்டிசம், எழுதினவங்களுக்கும் ஆட்டிசம். டாலியா ஹிபெர்ட்டோட கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன் (2019) ஹீரோயின் பிரிட்டன்ல இருக்கிற கறுப்பினப் பொண்ணு, உடம்பு பூரா வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா, சில நாள் எழுந்திரிக்கவே முடியாது. இவங்களுக்கெல்லாம் கதைன்னாலே முன்னாடி சோகக் கதைதான், இல்லன்னா ஹீரோயினோட ஃப்ரெண்டு ரோல். இப்ப அந்த வலிய ஒளிக்காம, வலி மாத்திரை எங்க வச்சிருக்கான்னு வரைக்கும் எழுதிட்டு, அவளுக்கும் ஒருத்தன் கிறுக்கா அலையுறான்னு காட்டுறாங்க. நம்ம ஊர்ல ஜாதி மாறிக் காதலிச்சவங்களுக்கு சினிமாவுலயும் தண்டவாளத்துல பிணம், நியூஸ்லயும் தண்டவாளத்துல பிணம். அவங்க ஒரு தடவையாவது வீட்டு வாடகை, சிலிண்டர், யாரு துணி துவைக்கிறதுன்னு சண்டை போட்டு சமாதானமாகி சிரிச்சு முடிக்கிற கதை ஒண்ணு வேணும்னு கேக்குறேன். வெட்டுற கதை எனக்கும் வேணாம்.

கோவை_மல்லி

சிலிண்டர் சண்டைன்னா ஓகே. ஆனா அப்பா கேரக்டர் கடைசி வரைக்கும் திருந்தலன்னாலும் பரவால்ல, அப்பா திடீர்னு குழந்தையப் பாத்ததும் அழுதுட்டு சேர்த்துக்கிறது மட்டும் வேணாம். அதுவும் பொய். பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்ல அலெக்ஸிஸ் அப்பாவுக்காகக் காத்துட்டு நிக்கல, அந்தச் சின்ன ஊர்லயே டாக்டரா உக்காந்துட்டா பாருங்க, அது பிடிச்சுது. (ஆமா நேத்து நைட் ஷிப்ட்ல முடிச்சிட்டேன். ஆட்டுக்குட்டிக்காகத்தான்.)

எபி_எழுதுறவ

எல்லாரும் சேர்ந்து என்னை மாட்டி விடுறீங்க. சரி, டாக்டர் வேணாம், மல்லி சிஸ் மாதிரி ஸ்டாஃப் நர்ஸ். பையன் கார்பென்டர். தொடரா போட மாட்டேன், முழுசா முடிச்சுட்டு ஒரே தடவையா போடுறேன், அப்பதான் நடுவுல கமென்ட்டைப் பாத்து பயந்து மாத்த மாட்டேன். ஆனா எனக்கு மர வேலை பத்தி ஒண்ணும் தெரியாது, கூகுள் பண்ணா யூடியூப்ல வெள்ளைக்காரன்தான் வர்றான்.

சுண்டல்_பொட்டலம்

எங்க அப்பா அதே வேலைதான். கேளுங்க, சொல்றேன்.

முதல்ல அந்த மரத்தூள் வாசனை ரொமான்ஸை விட்டுடுங்க, வேப்ப மரம் இழைச்சா தும்மலா வரும், மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுதான் நிப்பாரு. இப்ப இழைப்புளி யாரும் அவ்வளவா எடுக்குறதில்ல, எல்லாம் மெஷின். பாதி நாள் ப்ளைவுட்டு, மைக்கா ஒட்டுறது, மாடுலர் கிச்சன் கம்பெனிக்கு சப் கான்ட்ராக்ட். புது வீட்டுக்கு நிலை வைக்கிற அன்னைக்கு மட்டும் வேட்டி துண்டு, வெத்தலை பாக்கு, தட்சணை எல்லாம் தட்டுல வச்சு மரியாதையாக் குடுப்பாங்க. அதே வீட்டுல மறுநாள் மதியம் தண்ணி கேட்டா டிஸ்போசபிள் கப் வரும். இதை வச்சே உங்களுக்கு ரெண்டு எபி தேறும்.

காசு எப்பவும் இழுத்தடிச்சுதான் வரும், அதனால ஹீரோ மாசக் கடைசியில கிஃப்ட் வாங்கித் தர்ற சீன் வச்சிடாதீங்க, மாட்டிப்பீங்க.

எபி_எழுதுறவ

அந்த டிஸ்போசபிள் கப்பை எடுத்துக்கலாமா?

சுண்டல்_பொட்டலம்

எடுத்துக்கோங்க. ஹீரோ பேரு மட்டும் ஆரவ், அத்விக்னு வச்சீங்க, நான் ஒரு ஸ்டார்தான் குடுப்பேன்.

பழைய_லைப்ரரி_கார்டு

எழுதி முடிச்சதும் எனக்கு பெரிய எழுத்துல பிடிஎஃப் அனுப்பும்மா, போன்ல கண்ணு தெரியல.